பிரெய்ரி டாக் சுட ரைஃபிளும் தோட்டாவும்: எந்த வரிசையில் தேர்ந்தெடுப்பது

அமெரிக்காவின் தெற்கு டகோட்டா, வயோமிங், மொன்டானா, நெப்ராஸ்கா, கான்சஸ், கிழக்கு கொலராடோ பக்கத்துப் புல்வெளிகளில் பிரெய்ரி டாக் சுடப் போக நினைக்கும் புதியவர்களுக்கானது இது. பெயரில் நாய் இருந்தாலும் அது அணில் குடும்பத்துப் பிராணி. மேய்ச்சல் நிலத்தைக் குடைந்து வளை போட்டுக் கூட்டமாக (அந்த இடத்தைக் காலனி என்பார்கள்) வாழ்வதால், மாடு வளர்ப்பவர்கள் பலர் சுட அனுமதி தருகிறார்கள்.

புதிதாக வருபவர்கள் முதலில் கடைக்குப் போய் ரைஃபிள் வாங்குகிறார்கள். அப்புறம் அதற்குத் தோட்டா தேடுகிறார்கள். எங்கே சுடுவது என்பது கடைசிக் கேள்வியாக வருகிறது. இந்த வரிசையைத் தலைகீழாகத் திருப்பினால் பணமும் மிஞ்சும், எரிச்சலும் குறையும். இடம், தூரம், காற்று, தோட்டா, குண்டு, அதற்குப் பிறகுதான் ரைஃபிள்.

இந்தக் கட்டுரையில் தோட்டா என்றால் பித்தளைக் கூடு, மருந்து எல்லாம் சேர்ந்த முழுப் பொருள். குண்டு என்றால் அதன் முனையிலிருந்து பறக்கும் பகுதி மட்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டால் ஐந்தாம் பகுதிக்கு மேல் எதுவும் புரியாது.

1. இடமும் அனுமதியும்

தனியார் பண்ணை என்றால் உரிமையாளரிடம் நேரில் பேசுங்கள். வளைகள் எவ்வளவு தூரம் பரவியிருக்கின்றன, மாடுகள் எந்தப் பக்கம் மேய்கின்றன, வீடும் சாலையும் எந்தத் திசையில், எந்தப் பக்கம் சுடவே கூடாது என்று கேளுங்கள். நீங்கள் அதிகபட்சம் எவ்வளவு தூரம் சுட வேண்டிவரும் என்பது இந்தப் பேச்சிலேயே தெரிந்துவிடும். 150 யார்டுக்குள் முடியும் சின்னக் காலனிக்கு .22-250 போன்ற நெடுந்தூரத் தோட்டாவுக்கான ரைஃபிள் வாங்கிக்கொண்டு போவது வீண்.

பண்ணைக் கதவு திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடியபடி விட்டுப் போங்கள். இரண்டு மந்தைகள் கலந்துவிட்டால் பிரிக்க ஒரு நாள் ஆகும். அதற்கு அப்புறம் உங்களை மட்டுமில்லை, உங்களுக்குப் பின்னால் வருகிற யாரையும் உள்ளே விடமாட்டார்கள்.

பொது நிலம் என்றால் மாநில விதியைப் படிக்காமல் கிளம்பாதீர்கள். தெற்கு டகோட்டாவிலும் கொலராடோவிலும் பொது நிலத்தில் மார்ச் 1 முதல் ஜூன் 14 வரை தடை உண்டு, குட்டிகள் தாயை நம்பி இருக்கும் காலம் அது. தடை இல்லாத தனியார் நிலத்திலும் அந்த மாதங்களில் சுடாமல் இருப்பதே சரி என்பது என் கருத்து. ரோஸ்பட், லோயர் புரூலே போன்ற பழங்குடி நிலங்களில் அந்தந்தப் பழங்குடி நிர்வாகத்தின் அனுமதி தனியாக வேண்டும்.

சில இடங்கள் முழுவதுமாக மூடப்பட்டவை. பஃபலோ கேப் தேசியப் புல்வெளியில் உள்ள கோனாட்டா பேசின் அப்படிப்பட்டது. அழிவின் விளிம்பிலிருந்து மீட்கப்படும் கருங்கால் ஃபெரெட் என்ற மரநாய் இனம் பிரெய்ரி டாக்கைத் தின்று, அதன் வளையிலேயே வாழ்கிறது. அதற்காகத்தான் அந்தத் தடை. யூட்டாவின் தெற்கில் வாழும் யூட்டா பிரெய்ரி டாக் கூட்டாட்சிப் பாதுகாப்புப் பட்டியலில் 1973 முதல் இருக்கிறது. சாதாரணமாகச் சுடப்படுவது வால் நுனி கறுப்பாக இருக்கும் இனம். வால் நுனியைப் பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள்.

2. விசாவில் இருப்பவர்கள் இதை முடிக்காமல் துப்பாக்கியைத் தொட வேண்டாம்

நம் ஆட்கள் தடுக்கி விழும் இடம் இது. எச்-1பி, எஃப்-1, பி-1/பி-2 போன்ற குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. விதிவிலக்குகள் சில உண்டு. அவற்றில் நடைமுறைக்கு உதவுவது, அமெரிக்க மாநிலம் ஒன்று வழங்கிய செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ். கிரீன் கார்டு இருந்தால் இந்தத் தடை இல்லை.

இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. வயோமிங்கில் பிரெய்ரி டாக் சுட லைசென்ஸே தேவையில்லை. அதைக் கேட்டுவிட்டு எச்-1பி நண்பர் வெறுங்கையோடு வந்து, கூட வந்தவரின் ரைஃபிளை வாங்கி இரண்டு சுடு சுட்டால், பிராணியைப் பொறுத்தவரை பிழை இல்லை. ஆனால் கையில் துப்பாக்கி இருந்ததே குற்றமாகிவிடும். ஆகவே தேவையோ இல்லையோ, லைசென்ஸ் எடுத்துப் பையில் வையுங்கள். சந்தேகம் இருந்தால் குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

லைசென்ஸ் எடுக்கப் பெரும்பாலும் வேட்டைப் பயிற்சி வகுப்பு முடித்த சான்றிதழ் வேண்டும். கொலராடோவில் 1949 ஜனவரி 1 அல்லது அதற்குப் பின் பிறந்த எல்லோருக்கும் இது கட்டாயம். வகுப்புக்கு இடம் கிடைக்க வாரக்கணக்கில் ஆகலாம் என்பதால் இதை முதலில் தொடங்குங்கள்.

3. இலக்கு எவ்வளவு பெரியது, காற்று எவ்வளவு தள்ளும்

வளை மேட்டில் நிமிர்ந்து நிற்கும் பிரெய்ரி டாக் சுமார் 12 அங்குல உயரம், 3 முதல் 4 அங்குல அகலம். எடை ஒன்று, ஒன்றரை கிலோ. வளைக்குள் இருந்து எட்டிப் பார்க்கும்போது தலை மட்டும்தான் தெரியும், அது 2 அங்குலம் இருந்தால் அதிகம்.

இந்த வடிவத்தைக் கொஞ்சம் யோசியுங்கள். தூரத்தைத் தவறாகக் கணித்து குண்டு 3 அங்குலம் மேலேயோ கீழேயோ போனாலும், நிற்கும் பிராணியின் மேல் படும். பக்கவாட்டில் 2 அங்குலம் விலகினாலே தவறிவிடும். உயரத்தை மன்னிக்கும், அகலத்தை மன்னிக்காத இலக்கு. கடையில் எல்லோரும் கேட்பது "குண்டு எவ்வளவு கீழே இறங்கும்" என்று. கேட்க வேண்டியது காற்று எவ்வளவு தள்ளும் என்பது. அந்தச் சமவெளியில் மரமே இல்லை, பகலில் மணிக்கு 10 முதல் 20 மைல் காற்று சாதாரணம்.

மணிக்கு 10 மைல் குறுக்குக் காற்றில் தோராயக் கணக்கு இது. (.17 எச்எம்ஆர், .223, .22-250 எல்லாம் தோட்டா வகைகளின் பெயர்கள், விவரம் அடுத்த பகுதியில். கிரெயின் என்பது குண்டையும் மருந்தையும் எடை போடும் அளவு.) .17 எச்எம்ஆர் 17 கிரெயின் குண்டு 100 யார்டில் 3 அங்குலத்துக்குச் சற்று மேல் விலகும், 200 யார்டில் 15 அங்குலம். .223-இன் 55 கிரெயின் வி-மாக்ஸ் குண்டு 200 யார்டில் 4 அங்குலத்துக்குச் சற்று மேல், 300-இல் 10 அங்குலம். .22-250-இல் அதே குண்டு 300 யார்டில் சுமார் 9 அங்குலம்.

பழகிய கண்ணுக்கே காற்றின் வேகத்தில் 3 மைல் பிசகு வரும். அந்தப் பிசகு .223-இல் 200 யார்டில் ஓர் அங்குலம் சொச்சம், அதனால் படும். 300 யார்டில் 3 அங்குலம், அதனால் தவறும். .22-250-க்கு மாறினாலும் 300 யார்டில் பிசகு கிட்டத்தட்ட அதேதான். ஆகவே புதியவருக்கு .223-இன் நியாயமான எல்லை 250 யார்டு, .17 எச்எம்ஆருக்கு 125, மிஞ்சினால் 150. காயத்தோடு வளைக்குள் இறங்கும் பிராணியைத் திரும்ப எடுக்க வழியே இல்லை. எல்லை போட்டுக்கொள்ள அந்த ஒரு காரணம் போதும்.

4. தோட்டாவைத் தேர்ந்தெடுப்பது

.22 எல்ஆர்: மலிவு, சத்தம் குறைவு. ஆனால் 40 கிரெயின் ஈயக் குண்டு வினாடிக்கு 1200 அடி வேகத்தில் போய்க் காய்ந்த தரையில் பட்டால் உடையாமல் தெறித்துப் பறக்கும். 75 யார்டுக்கு மேல் இதை நம்ப வேண்டாம். பயிற்சிக்கு நல்லது, காலனிக்குப் பொருந்தாது.

.17 எச்எம்ஆர்: 2002-இல் வந்தது. 17 கிரெயின் குண்டு வினாடிக்கு 2550 அடி. உதைப்பே இல்லாததால், குண்டு போய்ப் படுவதை ஸ்கோப்பிலேயே (ரைஃபிளின் மேல் பொருத்தும் தொலைநோக்கி) பார்க்கலாம். சத்தம் குறைவு என்பதால் அருகில் இருப்பவை சீக்கிரம் மறுபடி தலையைத் தூக்கும். காலை நேரத்துக் காற்றில்லாத முதல் இரண்டு மணி நேரத்துக்கு இதைவிட இனிமையான துப்பாக்கி கிடையாது. காற்று எழுந்ததும் பெட்டியில் வைத்துவிடுங்கள்.

.223 ரெமிங்டன்: ஒரே ஒரு ரைஃபிள்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால் இது. தோட்டா எல்லா ஊரிலும் கிடைக்கும், இந்த வரிசையில் சென்டர்ஃபயர் தோட்டாக்களில் (அடிப்பகுதியின் நடுவில் தட்டிப் பற்றவைக்கும் வகை) மலிவானது. மருந்து 26 கிரெயின் அளவில் இருப்பதால் பேரல் (துப்பாக்கிக் குழல்) மெதுவாகச் சூடாகும், பல ஆயிரம் சுடுக்குத் தாங்கும். கனமான ரைஃபிளில் உதைப்பு மிகக் குறைவு, நீங்கள் சுட்டதை நீங்களே பார்க்கலாம். அதனால் என்ன என்று கேட்காதீர்கள். குண்டு இடதுபக்கம் புழுதி கிளப்பியதைப் பார்த்தால்தான் அடுத்ததைத் திருத்த முடியும். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே இருக்கப் போவதில்லை.

.204 ரூகர்: 2004-இல் வந்தது. 32 கிரெயின் குண்டு வினாடிக்கு 4225 அடி. மிகத் தட்டையாகப் போகும், உதைப்பு .223-ஐவிடக் குறைவு. 40 கிரெயின் குண்டு காற்றில் .223-ஐ வெல்லும், 32 கிரெயின் கிட்டத்தட்ட .223 அளவுதான். வேகத்தைப் பார்த்து 32 வாங்குபவர்கள் இதைக் கவனிப்பதில்லை. சின்ன ஊர்க் கடைகளில் தோட்டா தீர்ந்துபோகும் என்பது இன்னொரு குறை. இரண்டாவது ரைஃபிளாக எனக்குப் பிடித்தது.

.22-250 ரெமிங்டன்: 55 கிரெயின் குண்டு வினாடிக்கு 3680 அடி. 300 யார்டைத் தாண்டிச் சுடும் திறமை வந்த பிறகு வாங்க வேண்டியது. .223-இன் அதே 0.224 அங்குலத் துளை வழியாக 35 கிரெயினுக்கு மேல் மருந்து எரிகிறது. பத்துப் பன்னிரண்டு வேகச் சுடுகளில் பேரலைத் தொட முடியாது, துளையின் தொடக்கப் பகுதி சீக்கிரம் தேயும். முதல் ரைஃபிளாக இதை வாங்கியவர்களில் பாதிப் பேர் மத்தியானம் பேரல் ஆறக் காத்திருந்தே நாளைக் கழிக்கிறார்கள்.

.243 வின்செஸ்டர்: ஏற்கனவே மான் வேட்டைக்கு வைத்திருந்தால் 58 அல்லது 75 கிரெயின் குண்டு போட்டு நீண்ட தூரத்துக்குப் பயன்படுத்தலாம். உதைப்பில் ஸ்கோப் இலக்கை விட்டு எகிறிவிடும், பேரலும் வேகமாகச் சூடாகும். நாள் முழுக்க இதோடு உட்கார முடியாது.

5. குண்டு

பிரெய்ரி டாக்குக்குத் தேவை மெல்லிய உறை, பிளாஸ்டிக் முனை, பட்டதும் சிதறும் குண்டு. ஹார்னடியின் வி-மாக்ஸ், சியராவின் பிளிட்ஸ்கிங், நோஸ்லரின் பாலிஸ்டிக் டிப் வார்மின்ட் இந்த வகை. பிராணி உடனே இறக்கும் என்பது முதல் காரணம். தரையில் பட்டாலும் குண்டு தூளாகும், தெறித்து மாட்டின் மேலோ பண்ணை வீட்டின் மேலோ போகும் வாய்ப்பு குறையும் என்பது இரண்டாவது.

முழு உலோக உறைக் குண்டு மலிவாகப் பெட்டி பெட்டியாகக் கிடைக்கும். கொண்டு வராதீர்கள். அது துளைத்துக்கொண்டு போகும், காயப்படுத்தும், தெறிக்கும். பல பண்ணைக்காரர்கள் அந்தப் பெட்டியைப் பார்த்தாலே வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள். எஃகு மையம் உள்ளவை கல்லில் பட்டால் பொறி பறக்கும், ஆகஸ்ட் மாதக் காய்ந்த புல்லில் அது தீ.

போட்டிக்குச் சுடும் 75, 77 கிரெயின் கனமான குண்டுகள் இன்னொரு ஆசை காட்டும். .223-இல் 75 கிரெயின் குண்டு 300 யார்டில் 8 அங்குலம்தான் விலகும், 55 கிரெயினைவிட 2 அங்குலம் லாபம். ஆனால் அவை சிதறுவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. காகித இலக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஈயத்தைப் பற்றி ஒன்று. சுட்ட பிராணிகள் வயலில் கிடக்கும், கழுகும் பருந்தும் வந்து தின்னும். சிதறிய ஈயத் துணுக்குகளும் கூடவே உள்ளே போகும். ஹார்னடி என்டிஎக்ஸ், பார்ன்ஸ் வார்மின்ட் கிரனேட் போன்ற ஈயமில்லாக் குண்டுகள் கிடைக்கின்றன. விலை கூடுதல், எடை குறைவு, அதனால் காற்றில் சற்று அதிகம் விலகும். 200 யார்டுக்குள் சுடுபவருக்கு அந்த வித்தியாசம் பெரிதில்லை. மாறக்கூடியவர்கள் மாறலாம்.

6. முறுக்கு விகிதம்

பேரலுக்குள் உள்ள வரிகள் குண்டைச் சுழல வைக்கின்றன. 1:12 என்றால் 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று. நீளமான குண்டுக்கு வேகமான சுழற்சி வேண்டும், குட்டைக் குண்டுக்கு மெதுவானது போதும்.

.223-இல் 40 முதல் 55 கிரெயின் வரை சுட 1:12 போதும். 1:9 இருந்தால் எல்லாவற்றுக்கும் ஒத்துப்போகும், புதியவருக்கு அதுவே வசதி. 1:7 பேரலில் மிக மெல்லிய உறைக் குண்டை முழு வேகத்தில் சுட்டால், சுழற்சி தாங்காமல் பாதி வழியில் சாம்பல் நிறப் புகைக்கோடாகச் சிதறிக் காணாமல் போவதுண்டு. ஸ்கோப்பில் எதுவும் படாது, புழுதியும் எழாது. ஜீரோ (குறிப்பிட்ட தூரத்தில் குறி வைத்த இடத்திலேயே குண்டு படும்படி ஸ்கோப்பைச் சரிசெய்த நிலை) போய்விட்டது என்று நினைத்து ஸ்கோப்பின் குமிழைத் திருகிக்கொண்டே இருப்பார்கள்.

பழைய .22-250 பேரல்கள் பெரும்பாலும் 1:14. அவற்றில் 55 கிரெயினுக்கு மேல் போகாதீர்கள். விகிதம் பேரலிலேயே பொறித்திருக்கும், இல்லாவிட்டால் தயாரிப்பாளரின் பக்கத்தில் மாடல் எண்ணைப் போட்டுப் பாருங்கள்.

7. இப்போது ரைஃபிள்

கேட்க வேண்டியது நான்குதான். கனமான பேரல், நல்ல ட்ரிகர் (விசை), போல்ட் இயக்கம் (ஒவ்வொரு சுடுக்கும் கையால் இழுத்துத் தோட்டா ஏற்றுவது), 100 யார்டில் முக்கால் அங்குலத்துக்குள் ஐந்து குண்டு.

கனமான பேரல் மெதுவாகச் சூடாகும், சூடானாலும் வளைந்து, குண்டுகள் படும் குழுவைத் திசை திருப்பாது. மான் வேட்டைக்கான மெல்லிய பேரல் முதல் மூன்று குண்டுக்கு அருமையாக இருக்கும், எட்டாவது எங்கே போகும் என்று அதற்கே தெரியாது. ஒன்பது பத்துப் பவுண்டு எடை இங்கே குறையில்லை, சுமந்து நடக்கப் போவதில்லையே.

ட்ரிகர் இரண்டு முதல் மூன்று பவுண்டு. அதற்குக் கீழே போனால் குளிர்ந்த காலையில் விறைத்த விரலுக்கு ஆபத்து.

சாவேஜ் 12, ரெமிங்டன் 700 வார்மின்ட், டிக்கா டி3எக்ஸ் வார்மின்ட் வகைகள் இதற்காகவே செய்யப்பட்டவை. பட்ஜெட் குறைவு என்றால் ரூகர் அமெரிக்கன் பிரிடேட்டர் நல்லது. பேரல் நடுத்தரம், அதனால் மெதுவாகச் சுட வேண்டும், அவ்வளவுதான். .17 எச்எம்ஆரில் சிஇசட் 457 வார்மின்ட், சாவேஜ் 93ஆர்17 இரண்டில் எது கைக்கு ஒத்து வருகிறதோ அது.

ஏஆர்-15 (தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் ரைஃபிள்) வைத்திருப்பவர்கள் அதையே பயன்படுத்தலாமா என்று கேட்பார்கள். 20 முதல் 24 அங்குலக் கனமான பேரலும் நல்ல ட்ரிகரும் இருந்தால் தாராளமாக. ஆனால் வேகமாகச் சுடத் தூண்டும், அதுதான் அதன் கெட்ட குணம். கொலராடோவில் 15 தோட்டாவுக்கு மேல் கொள்ளும் மேகசின் 2013 முதல் சட்டப்படி கூடாது, பக்கத்து மாநிலத்திலிருந்து வருபவர்கள் கவனிக்கவும்.

முக்கியமான எச்சரிக்கை: பேரலில் .223 ரெமிங்டன் என்று மட்டும் பொறித்திருந்தால் 5.56 நேட்டோ தோட்டாவைப் போடாதீர்கள். பார்க்க ஒன்றுபோல் இருக்கும், உள்ளே போய் உட்காரும். அழுத்தம் எல்லை மீறலாம். 5.56 பேரலில் .223 சுடலாம், மறுபக்கம் ஆகாது.

8. ஸ்கோப்

உச்ச உருப்பெருக்கம் 14 முதல் 20 வரை போதும். பத்து மணிக்கு மேல் தரையிலிருந்து கானல் எழும். 24 மடங்கில் வைத்துப் பார்த்தால் பிரெய்ரி டாக் தண்ணீருக்குள் நிற்பதுபோல் நெளியும், எது தலை எது புல் என்றே தெரியாது. அப்போது எல்லோரும் 12-க்கு இறக்கித்தான் சுடுகிறோம். பெரிய எண்ணுக்குக் கொடுத்த பணம் சும்மா இருக்கும்.

பாரலாக்ஸ் சரிசெய்யும் குமிழ் கட்டாயம் வேண்டும். கண் சற்று நகர்ந்தால் குறுக்குக் கோடும் இலக்கின் மேல் நகரும், இந்த அளவு இலக்குக்கு அந்த அரை அங்குலம் பெரிது. காற்றுக்கு ஒதுக்கிப் பிடிக்கக் குறுக்குக் கோட்டில் சின்னக் கோடுகள் இருக்கும் ரெட்டிக்கிள் எடுங்கள். ஒவ்வொரு காற்று வீச்சுக்கும் குமிழைத் திருகினால், திருகி முடிப்பதற்குள் காற்று மாறிவிடும்.

ரைஃபிளுக்கு ஆயிரம், ஸ்கோப்புக்கு நூற்றைம்பது என்று செலவழிப்பவர்களைப் பார்க்கிறேன். பணத்தைச் சரிபாதியாகப் பிரியுங்கள்.

9. மேசையும் மற்ற சாமானும்

சுழலும் இருக்கை கொண்ட மடக்கு மேசை, முன்பக்கத் தாங்கி, பின்பக்கம் மணல் பை. பைபாட் (இரட்டைக் கால் தாங்கி) போட்டுத் தரையில் படுத்துச் சுடலாம் என்று நினைத்தால், ஜூன் மாதப் புல் முழங்கால் உயரம் இருக்கும், கண்ணுக்கு முன்னால் புல் மட்டும்தான் தெரியும். பாம்பும் உண்டு, கிலுகிலுப்பை வால் விரியன். கணுக்காலை மூடும் பூட்ஸ் போடுங்கள்.

தூரமானி, இருகண் தொலைநோக்கி, காது மூடி, கண்ணாடி, நிறையத் தண்ணீர். காது மூடியை மின்னணு வகையாக வாங்கினால் பக்கத்தில் இருப்பவர் "நிறுத்து" என்று சொல்வது கேட்கும்.

10. எத்தனை தோட்டா, எந்தப் பெட்டி

நல்ல காலனியில் ஒரு நாளைக்கு 200 முதல் 300 போகும். மான் வேட்டைப் பழக்கத்தில் 20 எண்ணிக்கைப் பெட்டி இரண்டோடு வருபவர்கள் ஒன்பது மணிக்குக் கைகட்டி உட்கார்ந்திருப்பார்கள்.

மொத்தமாக வாங்கும் முன் மூன்று நான்கு வகையில் ஒவ்வொரு பெட்டி வாங்கி, உங்கள் ரைஃபிளில் ஐந்து ஐந்தாகக் காகிதத்தில் சுட்டுப் பாருங்கள். ஒரே மாடலில் அடுத்தடுத்து வந்த இரண்டு ரைஃபிள்கூட வேறு வேறு தோட்டாவை விரும்பும். எது இறுக்கமாகக் குழு போடுகிறதோ, அதையே ஒரே லாட் (தயாரிப்புத் தொகுதி) எண்ணில் வாங்குங்கள். லாட் மாறினால் குண்டு படும் இடம் ஓர் அங்குலம் வரை தள்ளிப் போகலாம்.

விமானத்தில் போகிறவர்களுக்குத் தோட்டா வரம்பு பொதுவாக 11 பவுண்டு. .223-இல் அது சுமார் 400. ரைஃபிள் உள்ளே தோட்டா இல்லாமல், பூட்டிய கெட்டிப் பெட்டியில், கவுண்டரில் அறிவித்து, சரக்கில்தான் போக வேண்டும்.

11. ஜீரோ

.223, .204, .22-250 மூன்றையும் 200 யார்டில் ஜீரோ செய்யுங்கள். 55 கிரெயின் .223 அப்போது 100 யார்டில் ஒன்றரை அங்குலம் மேலே, 300-இல் 7 அங்குலம் கீழே, 400-இல் 20 அங்குலம் கீழே இருக்கும். 225 யார்டு வரை இலக்கின் நடுவைப் பிடித்தால் போதும் என்பதுதான் இதன் வசதி.

.17 எச்எம்ஆரை 100 யார்டில். 150-இல் இரண்டரை அங்குலம் இறங்கும், 200-இல் எட்டரை.

பெட்டியில் எழுதிய வேகத்தை வைத்துப் போட்ட அட்டவணையை முழுதும் நம்பாதீர்கள், உங்கள் பேரல் குட்டையாக இருந்தால் வேகம் குறையும். 300 யார்டில் ஒருமுறை காகிதத்தில் சுட்டுச் சரிபாருங்கள். பண்ணைக்குப் போய்ச் சேர்ந்ததும் மூன்று குண்டு மறுபடி காகிதத்தில். இருநூறு மைல் கரடுமுரடுப் பாதையில் குலுங்கிய ஸ்கோப் வீட்டில் இருந்த இடத்திலேயே இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

12. களத்தில்

சூரியன் முதுகில் இருக்கும்படியும், முடிந்தால் காற்று பின்னாலிருந்தோ எதிரிலிருந்தோ வரும்படியும் மேசையைப் போடுங்கள். குறுக்குக் காற்றே இல்லாத இடம் ஆயிரம் டாலர் ரைஃபிளைவிட உதவும். வண்டியை உயரமான காய்ந்த புல்லில் நிறுத்தாதீர்கள், சூடான புகைக்குழாயில் தீப்பிடிக்கும்.

ஒவ்வொரு சுடுக்கும் முன் இலக்கின் பின்னால் என்ன என்று பாருங்கள். மண் மேடு இருந்தால் சுடலாம். பிராணி மேட்டின் உச்சியில் வானத்தை ஒட்டி நின்றால் கூடாது. வளை வாயில் நிற்கும் சின்ன ஆந்தைகளைக் கவனியுங்கள். கால் நீண்ட, உருண்டைத் தலை வளை ஆந்தை, சட்டப்படி பாதுகாக்கப்பட்டது. கானலில் அவசரப்பட்டால் ஆந்தையும் பிரெய்ரி டாக்கும் ஒன்றுபோலத் தெரியும்.

அருகில் இருப்பதில் தொடங்கி மெதுவாகத் தூரம் போங்கள். முதல் இருபது சுடு காற்றைப் படிக்கக் கற்றுத் தரும். ஸ்கோப்பில் கானல் இடமிருந்து வலம் ஓடுகிறதா, நேராகக் கொதிக்கிறதா, புல் நுனி எந்தப் பக்கம் சாய்கிறது, குண்டு கிளப்பிய புழுதி எவ்வளவு வேகமாக நகர்கிறது என்று பாருங்கள். நேராகக் கொதித்தால் குறுக்குக் காற்று இல்லை, உடனே சுடுங்கள்.

பேரலின் நடுவில் கை வையுங்கள். நான்கு விநாடி வைத்திருக்க முடியாவிட்டால் நிறுத்துங்கள், போல்ட்டைத் திறந்து வையுங்கள். நான் அடிக்கடி பார்ப்பது இது. ஐந்து நிமிடத்தில் பதினைந்து சுட்டவரின் பேரலிலிருந்தே வெப்பம் எழுந்து ஸ்கோப்பின் முன்னால் திரைபோட்டிருக்கும். "அண்ணா, ஸ்கோப் கெட்டுப்போச்சு, எல்லாம் மேலே போகுது" என்பார். ஸ்கோப்பில் ஒன்றும் இல்லை. ஈரத்துணி போட்டு இருபது நிமிடம் ஆறவிட்டால் பழையபடி நடுவில் படும். இதனால்தான் இரண்டு ரைஃபிள் கொண்டு போகச் சொல்வது. ஒன்று ஆறும்போது .17 எச்எம்ஆரை எடுத்துக்கொள்ளலாம்.

சூடான பேரலின் பின்முனையில் உள்ள தோட்டா அறைக்குள் தோட்டாவைப் போட்டு வைத்துவிட்டு இலக்குக்காகக் காத்திருக்காதீர்கள். மருந்து சூடேறி அழுத்தமும் வேகமும் மாறும். பிராணி நின்ற பிறகு போல்ட்டை மூடினால் போதும்.

13. முடித்த பிறகு

செத்த பிராணியைக் கையால் தொட வேண்டாம். அவற்றின் தெள்ளுப்பூச்சிகள் பிளேக் நோயைப் பரப்பும், அந்தச் சமவெளியில் அது இன்னும் இருக்கிறது. கால்சட்டைக் காலைப் பூட்ஸுக்குள் செருகி, பூச்சி விரட்டி தெளித்துக்கொண்டு நடங்கள், நாயைக் கூட்டி வராதீர்கள். ஏற்கனவே ஒரு காலனியில் நிறைய தானாகச் செத்துக் கிடந்தாலோ, திடீரென்று வெறிச்சோடியிருந்தாலோ, உள்ளே போகாமல் பண்ணைக்காரரிடம் சொல்லிவிட்டுத் திரும்புங்கள்.

பித்தளைக் கூடுகளைப் பொறுக்குங்கள், மாடு மேயும் இடம் அது. அன்று இரவே பேரலைச் சுத்தம் செய்யுங்கள். துளைக் காப்பு (கம்பி துளையில் உரசாமல் நேராகப் போக வைக்கும் குழாய்) மாட்டி, பின்பக்கத்திலிருந்து கம்பியை விட்டு, முதலில் கரியையும் அப்புறம் செம்பையும் எடுக்க வேண்டும். .17 துளைக்கு அதற்கென்றே மெல்லிய கம்பி தனியாக வாங்க வேண்டும், .22 கம்பி உள்ளே நுழையாது. மறுநாள் காலை சுத்தமான பேரலில் முதல் இரண்டு குண்டு வேறு இடத்தில் போகும். அவற்றை மண் மேட்டில் சுட்டுவிட்டு, மூன்றாவதிலிருந்து கணக்கு வையுங்கள்.